லோனி ஷைடலின் சமையலறை ஜன்னல்

லோனி ஷைடல் என் பக்கத்து வீட்டுக்காரி. முழுப்பெயர் அப்பலோனியா. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர், அதையும் சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவள் அந்தப் பக்கம் தும்மினால் நான் இந்தப் பக்கமிருந்தே வாழ்த்தலாம். பிராங்க்பர்ட்டுக்கு வெளியே நிட்டா ஆற்றோரம் வரிசையாகக் கட்டிய புது வீடுகள் அவை. 1928 ஜூனில் இரண்டு குடும்பமும் ஒரே வாரத்தில் குடிவந்தோம்.

லோனி ஃபுல்டாவைத் தாண்டிய மலைப்பக்கத்துக்காரி. பதினைந்து வயதில் வீட்டு வேலைக்காரியாக நகரத்துக்கு வந்தாள். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த வீடு பிடிக்கவில்லை என்றால் நடுவில் கிளம்ப மாட்டார்கள். பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாள் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். அன்றைக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஏன் என்று எஜமானியும் கேட்கக் கூடாது, இவளும் சொல்ல வேண்டியதில்லை. லோனி இப்படி மூன்று வீட்டுப் படியிறங்கியவள். நாலாவது வீட்டில் பூட்டு ரிப்பேருக்கு வந்தவன் ஆடம் ஷைடல். அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்கடுத்த வருடம் யுத்தம் தொடங்கியது.

1916 ஆரம்பத்தில் ஆடம் விடுப்பில் வந்து போனான். அந்த நவம்பரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ரோஸல் என்று பெயர் வைத்தாள். யுத்தப் பஞ்சத்தால் அந்தக் குளிர்காலத்தில் ஊரே டர்னிப் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்தது, தாய்ப்பாலுக்கும் அதே கிழங்குதான் ஆதாரம். மார்ச்சில் குழந்தை போய்விட்டது. ஆடம் அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆகஸ்டில் அவன் திரும்பி வந்தபோது பக்கத்தில் வெடித்த குண்டு அவன் இரண்டு காதின் கேட்கும் சக்தியையும் கொண்டுபோயிருந்தது. அவனுக்கு எப்படிச் சொல்வது? லோனி ஒரு ஸ்லேட்டை எடுத்து எழுதினாள்: "ரோஸல் மார்ச் மாதம் போய்விட்டாள்." அவன் படித்தான். ஈரத்துணியால் தானே துடைத்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

பிறகு அவன் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றான். அதில் அவனுக்கு ஒரு பழக்கம். எதிராளியின் உதடு அசையும்போது அவன் உதடும் அரை நொடி பிந்தி அசையும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அசைவதுபோல. அப்போது அவர்கள் குடியிருந்த போக்கன்ஹைம் தெருப்பிள்ளைகள் அவனுக்கு முயல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போக்கன்ஹைமில் அவர்கள் இருந்தது ஒரு பின்கட்டில், மூன்றாவது மாடி. சுவரெல்லாம் ஓதம், கழிப்பிடத்துக்கு மாடி இறங்க வேண்டும். ஆனால் சமையலறை பெரியது. நடுவில் ஒரு கனத்த பீச் மர மேஜை. சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு ஆடம் பட்டறையிலிருந்து வந்ததும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருவான், இந்தப் பக்கம் லோனி. நடுவில் உருளைக்கிழங்குக் கூடை, தலைக்கு மேல் விளக்கு. இருவரும் தோலுரிப்பார்கள். மளிகைக் கடையில் யார் யாரை முறைத்தார்கள், மாடிப்படி கழுவும் முறை யாருடையது, எவள் ஏமாற்றினாள், எல்லாம் அவள் சொல்ல, அவன் உதடு அசைய, ஏழு மணி வரை அந்த வீடு கலகலவென்று இருக்குமாம். ஊமைப்படம் பார்க்க ஆடம் காசு கொடுத்துப் போனதே கிடையாது என்று லோனி சொல்வாள்.

அந்த மேஜையைக் கைவண்டியில் ஏற்றி நிட்டா ஆற்றோரம் கொண்டுவந்தார்கள். புதுச் சமையலறை வாசலில் அது நுழையவில்லை. நுழைந்திருந்தாலும் வைக்க இடமில்லை.

அந்தச் சமையலறையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. நீளம் மூன்றரை மீட்டர் இருக்கும், அகலம் இரண்டு மீட்டர்கூட இல்லை. ரயிலில் சமைக்கும் பெட்டியைப் பார்த்து வரைந்தது என்றார்கள். ஒரு பக்கம் அடுப்பும் மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகையும், மறுபக்கம் கழுவுதொட்டியும் அலமாரியும், வரிசையாக அலுமினிய இழுப்பறைகளும். ஒவ்வொன்றிலும் அரிசி, ரவை, பார்லி, சவ்வரிசி என்று பெயர் பொறித்திருக்கும். எதிரே ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே வெட்டுப்பலகை மேடை, உட்கார ஒரு சுழல் முக்காலி. கூரையில் ஒரு கம்பியில் விளக்கு மாட்டியிருக்கும், வேண்டிய இடத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். எல்லாம் சுவரோடு சேர்த்துத் திருகியவை. ஓர் அங்குலம் நகர்த்தினாலும் வாடகைப் பத்திரப்படி குற்றம்.

எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்? எனக்கு ஐந்து பிள்ளைகள். ரயில்வே குமாஸ்தாவான என் வீட்டுக்காரர் ஹெய்னரையும் சேர்த்தால் ஆறு. ஆள் உள்ளே வந்து நிற்க முடியாத ஓர் இடம் என் வாழ்நாளில் முதல்முறையாகக் கிடைத்தது. உள்ளே போய்க் கதவை இழுத்து மூடினால் நான் ராணி.

லோனிக்கு அது அப்படி இல்லை. முதல் வாரம் வீட்டு ஆலோசனை சொல்ல ஓர் அம்மாள் வந்தாள். எங்கள் வரிசைப் பெண்களையெல்லாம் கூட்டி, லோனியின் சமையலறை வாசலில் நிறுத்தி, ஒரு காகிதத்தில் வரைந்திருந்த சமையலறைப் படங்களின் மேல் நூலை ஓட்டிக் காட்டினாள்.

"பழைய சமையலறையில ஒரு சாப்பாடு செய்ய நீங்க எவ்வளவு நடந்தீங்கன்னு இந்த நூலைப் பாருங்க. இங்க எவ்வளவுன்னும் பாருங்க. எத்தனை அடி மிச்சம்?"

"மிச்சமான அடியை நான் எங்க போய் நடக்கறதும்மா?" என்று லோனி கேட்டாள்.

நாங்கள் சிரித்தோம். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். பக்கத்து அறையை வெறுமனே பூட்டி வைக்காதீர்கள், தினமும் அங்கே உட்காருங்கள், சாப்பிடுங்கள், அதற்காகத்தான் நடுவில் தள்ளுகதவு வைத்திருக்கிறோம் என்றாள். இருபத்திரண்டு வீட்டுப் பெண்களும் தலையாட்டினோம். அவள் தலை மறைந்ததும் அந்த அறையில் வெல்வெட் சோபாவைப் போட்டு, மேஜைக்கு வெல்வெட் விரிப்பும் அதற்கு மேல் லேஸும் விரித்து, தள்ளுகதவைச் சாத்தினோம். நல்ல அறை என்றால் நல்ல அறைதான். ஞாயிற்றுக்கிழமைக்கும் விருந்தாளிக்கும் சவப்பெட்டிக்கும் உள்ளது. வார நாளில் அங்கே குளிர்காயக் கணப்பு அடுப்பு மூட்டுகிறவளை நாங்கள் என்ன நினைப்போம் என்று எங்களுக்கே தெரியும். என் பிள்ளைகள் படுக்கையறையிலும் மாடிப்படியிலும்தான் வளர்ந்தார்கள். ஷைடல் வீட்டில் பிள்ளையும் இல்லை, ஆனாலும் அதே நல்ல அறை, அதே வெல்வெட். பீச் மர மேஜை நிலவறைக்குப் போனது.

ஆகவே லோனி தினமும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தாள். சமையலறையின் மறு முனையில், நடைவழிக் கதவோரம், ஆடம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தான். உள்ளே இரண்டு ஆளுக்கு இடமில்லை. நல்ல அறையில் வார நாளில் உட்கார அவனுக்குத் துணிச்சல் இல்லை.

ஆரம்பத்தில் அவள் பேச முயன்றாள். முக்காலியைச் சுழற்றித் திரும்பிச் சொல்வாள். ஆனால் அது கோடைகாலம், ஜன்னல் வெளிச்சம் அவள் முதுகுக்குப் பின்னால் விழும், முகம் இருட்டிவிடும். அவனுக்கு உதடு தெரியாது. என்ன, என்ன என்று மூன்று தரம் கேட்பான். அவள் எழுந்து நாலு அடி நடந்து அவன் முன்னால் போய் நின்று சொல்ல வேண்டும். மளிகைக் கடைக்காரி முறைத்த கதையை எழுந்து போய் நின்று அறிவிப்பு மாதிரியா சொல்ல முடியும்? ஒரு நாள் திரும்பும்போது விரலை வெட்டிக்கொண்டாள். ஆகஸ்டுக்குள் பேச்சு நின்றுபோனது. சாப்பாடு, சோப்பு, கரி என்று தேவையானது மட்டும் மிஞ்சியது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பாதி அவள் பிறகு சொன்னது. மீதி சுவர் சொன்னது.

அக்டோபர் வாக்கில் ஒரு சாயங்காலம் என் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் லோனி பேசுகிறாள். பேச்சு நிற்கவே இல்லை. விருந்தாளியோ என்று நினைத்தேன். பதில் குரல் இல்லை. அப்புறம்தான் புரிந்தது, அவள் ஜன்னலோடு பேசுகிறாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் செவிட்டு மனுஷனுக்கு அவள் முதுகுதானே தெரியும். என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது என்ற தைரியம். மறுநாளும் அதே நேரத்துக்குப் பேச்சு. நான் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். வெட்கம்தான். ஆனால் வானொலிப் பெட்டி வாங்க எங்களுக்கு வக்கில்லை, எனக்கு அதுதான் வானொலி.

முதலில் எல்லாம் திட்டு. "பாரு, இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் சுவர், கையை விரிச்சா ரெண்டும் இடிக்குது. பின்னாடி காவலுக்கு ஒரு ஆளு. ஜெயில்லகூட பேச்சுத் துணைக்கு ஒருத்தி இருப்பா." இழுப்பறைப் பெயர்களை அவளுக்குப் பிடிக்காது. எனக்கு அறிவில்லைன்னு எழுதி வச்சிருக்கான் என்பாள். வேண்டுமென்றே பார்லியில் பொத்தான்களையும் ரவையில் நூல்கண்டையும் போட்டு வைத்திருந்தாள். ஆடமைப் பற்றியும் சொன்னாள். மரமண்டை, முயல், பேப்பரை மூக்குவரைக்கும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், வாசலை அடைச்சுக்கிட்டு. நான் எழுந்து வெளிய போகணும்னாகூட இவன் காலைத் தாண்டித்தான் போகணும்.

நவம்பரில் பேச்சின் குரல் மாறியது. ஐந்து மணிக்கே இருட்டிவிடும் மாதம். ரோஸல் பிறந்த மாதமும் அதுதான். ஒரு நாள் சுவரில் காதை ஒட்டியபடி இதைக் கேட்டேன்:

"அவளுக்கு உன் மூக்கு, ஆடம். பொறந்தப்பவே நுனி கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சிருந்துச்சு. கடைசி வாரம் அவ அழவே இல்ல. அழுதாத் தேவலையேன்னு நான் காலைக் கிள்ளிக்கூடப் பாத்தேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

சவ்வரிசி என்று எழுதிய இழுப்பறையில் குழந்தையின் தொப்பி இருப்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். அந்த வீட்டில் யாரும் சவ்வரிசி தின்பதில்லை, அதனால் யாரும் திறக்க மாட்டார்கள் என்று அங்கே வைத்திருந்தாள். நான் அன்று சூப்பைத் தீய விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் திட்டு கொஞ்சம், ரோஸல் கொஞ்சம். நடுநடுவே வீட்டுப் புகார். காப்பிக்கொட்டை அரைக்கும் மில் கிறீச்சிடுகிறது என்றாள், இரண்டு நாளில் அது கிறீச்சிடவில்லை. முக்காலி ஆடுகிறது என்றாள், ஆடுவது நின்றது. எண்ணெய் போட்டதும் ஆணி அடித்ததும் தெரிந்தது. ஆடம் கைவேலை தெரிந்தவன், கண்ணில் பட்டதும் சரி செய்திருப்பான் என்று அவள் நினைத்தாள். ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. அடுப்புக்கு மேல் தள்ளி வைத்த விளக்கு மறுநாள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். "இந்த விளக்கை எவன் நகத்தறான்? கண்ணு கூசுது. பேய் இருக்கா இந்த வீட்டுல?" என்று சலித்துக்கொள்வாள். தள்ளி வைப்பாள். மறுநாள் மறுபடியும் முகத்துக்கு நேரே விளக்கு.

கிறிஸ்துமஸ் கழிந்தது. ஜனவரியில் எங்கள் ஞாபகத்தில் இல்லாத குளிர். நிட்டா உறைந்து கிடந்தது. வெளியே போக வழியில்லாமல் எல்லோரும் அடைந்து கிடந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அவள் ஜன்னலிடம் சொன்னாள், ஆஃபன்பாக்கில் இருக்கும் தன் அக்கா தெக்லாவுக்குக் கடிதம் எழுதிவிட்டதாக. தெக்லா ஒரு தோல்பை பட்டறையில் வேலை பார்த்தாள், தனிக்கட்டை, அவள் வீட்டில் பெரிய சமையலறை.

"மெழுகுவர்த்தித் திருநாளுக்குக் கிளம்பறேன் ஆடம். எந்த எஜமானியையும் பாதியில விட்டுட்டு நான் போனதில்ல. உன்னையும் அப்படி விட்டுட்டுப் போகல. அன்னைக்குப் போனா யாரும் ஏன்னு கேக்கக் கூடாது. ஆனா இந்தப் பெட்டியோட பூட்டு சிக்கிக்கிட்டுத் தொலைக்குது."

நான் போய் ஆடமிடம் சொல்லியிருக்கலாம். அவன் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தால் போதும். ஆனால் சொன்னால், நான் நாலு மாதமாக ஒட்டுக்கேட்டது லோனிக்குத் தெரிந்துவிடும். என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு சும்மா இருந்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அந்த வாரம் பெட்டியின் பூட்டு தானாகத் திறந்தது. "என்ன அதிசயமோ" என்றாள் ஜன்னலிடம். அவள் நினைத்தது, குளிரில் இரும்பு சுருங்கிக்கொண்டது என்று.

பிப்ரவரி ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. ஐந்தரை மணி, வெளியே கும்மிருட்டு. கடைசித் தடவையாக அவள் அந்த முக்காலியில் உட்கார்ந்தாள். நான் இந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் திட்டவில்லை அன்று. உருளைக்கிழங்கு எங்கே, மாவு எங்கே, குளிர்கால உள்ளாடை எந்தப் பெட்டியில் என்று வரிசையாகச் சொன்னாள், அவன் பார்த்துத் தெரிந்துகொள்வான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வதுபோல. பிறகு சொன்னாள்:

"நாளைக்கு நீ பட்டறைக்குப் போனதும் நான் ஒம்பது மணி டிராமுல போயிடுவேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். வழக்கமாக அந்தக் கறுத்த கண்ணாடியில் அவளுக்குத் தெரிவது தன் முகமும் விளக்கும்தான். பின்னால் தூரத்தில் செய்தித்தாள் ஒன்று தொங்கும், அதற்கு மேல் இரண்டு கண். அன்று செய்தித்தாள் மடியில் விழுந்திருந்தது. ஆடமின் வாய் தெரிந்தது. அது அசைந்துகொண்டிருந்தது. ஒம்பது மணி டிராம் என்று அசைந்தது.

ஜெபம் பண்ணுகிறானோ என்று நினைத்தாளாம். உருளைக்கிழங்கைக் கீழே வைக்காமல், திரும்பாமல், குரலை மாற்றாமல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்:

"சட்டையில மேல் பொத்தான் அறுந்து தொங்குது உனக்கு."

கண்ணாடிக்குள் ஆடமின் கை கழுத்துக்குப் போனது. பொத்தான் சரியாகத்தான் இருந்தது.

நான் இந்தப் பக்கம் ஒன்றும் புரியாமல் நின்றேன். அவள் பேச்சு அறுந்துபோய்விட்டது. பிறகு அவள் மெதுவாக ஏதோ கேட்டாள், எனக்குப் பிடிபடவில்லை. அடுத்து வந்தது ஆடமின் குரல். தன் குரல் அவனுக்கே கேட்காததால் அவனுக்கு மெல்லப் பேசத் தெரியாது. அந்த மனுஷன் தன் வாழ்க்கையின் ரகசியத்தையெல்லாம் தெருமுனைவரை கேட்கும்படி சொன்னான்.

"நவம்பர்லேர்ந்து. விளக்கு போட்டா கண்ணாடில உன் மொகம் தெரியும். விளக்கைக் கிட்ட தள்ளினா உதடும் தெரியும்."

அடுத்து அவள் என்ன கேட்டிருப்பாள் என்று யாருக்குத்தான் தெரியாது?

"சொல்லியிருந்தா நீ பேச்சை நிறுத்தியிருப்ப" என்றான் அவன். "பதினோரு வருஷமா ரோஸலப் பத்தி எனக்கு யாரும் சொன்னதில்ல. ஸ்லேட்டுல ஒரு வரிதான் வந்துச்சு. மூக்கு சாஞ்சிருந்துச்சுன்னு நீ சொன்ன அன்னைக்குத்தான் எனக்குக் கொழந்தை பொறந்துச்சு."

கொஞ்சம் பொறுத்து, இன்னும் உரக்க:

"தொப்பிய நான் எடுத்துப் பாக்கல. நீயா காட்டணும்னு இருந்தேன். பெட்டிப் பூட்டைச் சரி பண்ணது நான்தான். போற வழியில திறந்துக்கக் கூடாதேன்னு."

நான் என் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பக்கம் அவர்கள் அழுதார்களா என்று தெரியாது. அழாவிட்டால் என்ன, நான் அழுதது இரண்டு பேருக்கும் போதும்.

மறுநாள் சனிக்கிழமை. ஆறரை மணிக்கு ஆடம் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. பிள்ளைகளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவ மறந்து, அவர்கள் வெறும் ரொட்டியோடு பள்ளிக்குப் போனார்கள். எட்டரை மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. வாசலில் லோனி. கோட், தொப்பி, கையில் பெட்டி. சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"கெர்னரம்மா, ஒரு நிமிஷம் எங்க வீட்டுக்கு வாங்க. நான் பாக்கறது நெசமான்னு சொல்லுங்க."

போனேன். நடைவழியில் ஆடமின் நாற்காலி இல்லை. முதல்முறையாக அந்த வாசல் காலியாக இருந்தது, யார் வேண்டுமானாலும் நேரே வெளியே போகலாம். சமையலறைக்குள் தள்ளுகதவு முழுக்கத் திறந்து கிடந்தது. நல்ல அறையில் கணப்பு அடுப்பு மூட்டியிருந்தது, வெறும் சனிக்கிழமை காலையில். அந்த வெல்வெட் மேஜைவிரிப்பின் மேல் நேற்றைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் உருளைக்கிழங்குக் கூடையை வைத்திருந்தான், மண்ணும் தூசியுமாக. கூடைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கத்தி. எதிரெதிரே இரண்டு நாற்காலி, அதில் ஒன்று அதுவரை நடைவழியில் கிடந்தது. லேஸை எங்கே கழற்றி எறிந்தான் என்று தெரியவில்லை.

சொல்ல எத்தனையோ நல்ல வார்த்தை இருந்திருக்கும். என் வாயில் வந்தது இதுதான்:

"வெல்வெட் பாழாப் போயிடும் ஷைடலம்மா."

"போகட்டும்" என்றாள் லோனி.

எட்டு மாதமாக அந்தக் கதவைச் சாத்தி வைத்தது அவளேதான். நகரத்தில் யாரும் அவளைப் பூட்டவில்லை. நானும் சாத்தித்தான் வைத்திருந்தேன், இருபத்திரண்டு பேரும் அப்படித்தான். நூலை ஓட்டிக் காட்டிய அந்த அம்மாள் சொன்னதில் இது ஒன்றை மட்டும் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். அவளை நான் அன்றுவரை திட்டாத நாள் இல்லை.

லோனி கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். தொப்பியும் தலையில்தான். ஒரு கத்தியை எடுத்து உருளைக்கிழங்கை உரிக்கத் தொடங்கினாள்.

"ஒம்பது மணி டிராம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்கு அந்த டிராமைப் பற்றி எப்படித் தெரியும்? அவள் என்னைப் பார்த்தாள், பிறகு எங்கள் நடுச்சுவரைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். கோபிக்கவில்லை.

"திருநாள் ராத்திரி வரைக்கும் இருக்கு. இன்னைக்கு எப்ப வேணும்னாலும் போக எனக்கு உரிமை உண்டு. சனிக்கிழமை அரைநாள், அவன் ஒரு மணிக்கு வருவான். உக்காந்து பாக்கறேன்."

ஒரு மணிக்கு அவன் வந்தான். அவள் எழுந்து போய் சவ்வரிசி இழுப்பறையைத் திறந்து தொப்பியை எடுத்து மேஜையில், அவன் பக்கத்துக் கத்தியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தாளாம். சாயங்காலம் இருட்டிய பிறகும் அவர்கள் அங்கிருந்து எழவில்லை. பெட்டி ஈஸ்டர் வரை நடைவழியில் அப்படியே நின்றது. அடுத்த மெழுகுவர்த்தித் திருநாளுக்குப் பார்க்கலாம் என்று என்னிடம் சொன்னாள். அதற்கடுத்த வருடமும் அதையே சொன்னாள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஆடம் அந்தப் பெட்டியின் பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைத்தான்.

பேச்சு நல்ல அறைக்குப் போய்விட்டது. அது அவர்கள் வீட்டின் அந்தக் கோடி, என் சுவருக்கு எட்டாது. அந்த வசந்தகாலத்தில் என் சமையலறை எவ்வளவு அமைதியானது என்று எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது. ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்றேன் அல்லவா? இரண்டு பக்கச் சுவரும் கையில் இடித்தது. அடுத்த நவம்பரில் ஒரு நாள், விளக்கை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, கறுத்த கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு இங்க மூச்சு முட்டுது ஹெய்னர்."

ஹெய்னருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன்.

"சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார்.